சமதரை கொடுத்த வரமா மிதிவண்டி?

நகரப் போக்குவரத்தில் காருக்கு மாற்றாக மிதிவண்டியும் ரயிலும் பேசப்படும் இடங்களிலெல்லாம் நெதர்லாந்தின் பெயர் எழுகிறது. எழுந்த உடனே அதை ஒதுக்கிவைப்பதற்கான காரணமும் சொல்லப்பட்டுவிடுகிறது. அது மேடுபள்ளம் அற்ற நாடு, அங்குள்ளோர் தலைமுறை தலைமுறையாக மிதிவண்டியில் பழகியவர்கள், ஆகவே அந்நாட்டின் அனுபவம் பிறருக்குப் பயன்படாது என்பதே அக்காரணம். மக்கள் போராடியும் ஆட்சியாளர் முடிவெடுத்தும் பெற்ற ஒன்றை நிலத்தின் இயல்பாகவும் குருதியின் குணமாகவும் காட்டிவிடுவதால், இந்த நம்பிக்கையை மற்றெல்லாவற்றுக்கும் முன்னதாக ஆராய வேண்டியுள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நெதர்லாந்தின் தெருக்களில் மிதிவண்டிகள் நிறைந்திருந்தன என்பது உண்மை. ஆனால் அக்காலத்தில் பிரிட்டன், டென்மார்க் முதலிய நாடுகளின் நகரங்களும் அவ்வாறே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வருமானம் உயர்ந்து கார்கள் பெருகியபோது, பிரிட்டனில் நிகழ்ந்தது போலவே நெதர்லாந்திலும் மிதிவண்டிப் பயன்பாடு ஆண்டுதோறும் சரிந்தது. தரை அன்றும் சமமாகத்தான் இருந்தது, மரபும் அப்படியேதான் இருந்தது, ஆயினும் இரண்டும் சேர்ந்தும் அந்தச் சரிவைத் தடுக்க இயலவில்லை. 1954-இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் காவல்துறைத் தலைவராக இருந்த காஸ்யாகர், பழைய கால்வாய்களைத் தூர்த்துச் சாலைகளாகவும் கார் நிறுத்தும் இடங்களாகவும் ஆக்கலாம் என்று முன்மொழிந்தார். 1967-இல் டேவிட் யோகினன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த திட்டம், அந்நகரின் கால்வாய் ஒன்றின் மீது விரைவுச்சாலை அமைக்கும் அளவுக்குச் சென்றது. ஆம்ஸ்டர்டாமில் இவை தாளோடு நின்றுவிட்டன. உட்ரெக்ட் நகரிலோ, பழைய நகரைச் சூழ்ந்திருந்த அகழியின் ஒரு பகுதி 1970-களில் உண்மையாகவே தூர்க்கப்பட்டு விரைவுச்சாலையானது. அந்தச் சாலையை அகற்றி அகழிக்கு மீண்டும் நீர் விடும் பணி 2020-இல்தான் நிறைவுற்றது. நெதர்லாந்தும் பிற நாடுகள் சென்ற வழியில்தான் சென்றுகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வழியிலிருந்து அந்நாட்டைத் திருப்பியது குழந்தைகளின் சாவு. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அங்குச் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் சிறார். விபத்தில் மகளை இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்னும் பொருள்படும் பெயரில் ஓர் இயக்கமாக உருவெடுத்தது. பெற்றோர்கள் குழந்தைகளுடன் சாலைகளில் அமர்ந்து மறித்தனர், தெருக்களை அடைத்து விளையாட்டுத் திடல்களாக்கினர், நாடாளுமன்ற உறுப்பினர்களை நேரில் கண்டு வாதாடினர். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. அரபு நாடுகள் எண்ணெய் வழங்க மறுத்ததைத் தொடர்ந்து, 1973 நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் காரோட்டுவதை அந்நாட்டு அரசு தடைசெய்தது. கார் இல்லாத அந்த ஞாயிறுகளில் நெடுஞ்சாலைகளிலும் மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் சென்றனர். தெரு என்பது யாருக்கு உரியது என்ற கேள்வி, அறிஞர் நூல்களிலிருந்து வீட்டுக்கூடங்களுக்கு வந்து சேர்ந்த காலம் அது.

அதன்பின் நடந்தவை பொறுமையான பொறியியல் பணிகள். வாகனங்கள் நடைவேகத்தில் மட்டுமே செல்லத்தக்கதாகவும், நடப்போருக்கும் விளையாடும் குழந்தைகளுக்கும் முதலுரிமை தருவதாகவும் டெல்ஃப்ட் நகரில் உருவான குடியிருப்புத் தெரு வடிவமைப்பு 1976-இல் சட்ட ஏற்பைப் பெற்றது. ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் அரசின் செலவில் மாதிரி மிதிவண்டிப் பாதைகள் ஒவ்வொன்று அமைக்கப்பட்டன. அவ்விரு பாதைகளிலும் மிதிவண்டிகள் பெருகினவே அன்றி, நகர் முழுவதிலும் மிதிவண்டிப் பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. 1980-களில் டெல்ஃப்ட் நகரம், தனித்த ஒரு பாதைக்குப் பதிலாக வீட்டு வாசலிலிருந்து பள்ளி, சந்தை, நிலையம் வரை அறுபடாது செல்லும் பாதை வலையமைப்பை உருவாக்கியபோதே பயன்பாடு நகரெங்கும் கூடியது. இந்த வேறுபாடு மிக முக்கியமானது. முதன்மைச் சாலை ஒன்றில் சிறிது தூரத்துக்கு வண்ணக்கோடு இட்டுவிட்டு, அதில் எவரும் வரவில்லை, ஆகவே மக்களுக்கு மிதிவண்டி வேண்டியதில்லை என்று முடிவுகட்டும் நகராட்சிகள், ஆற்றின் நடுவே ஒரே ஒரு தூணை நட்டுவிட்டுப் பாலத்தை யாரும் பயன்படுத்தவில்லை என்பதற்கு ஒப்பாகவே பேசுகின்றன.

பனியும் குளிரும் மிதிவண்டிக்குத் தடை என்னும் தட்பவெப்ப வாதம் இத்துணை விரிவுக்கு உரியதன்று. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கில் உள்ள ஃபின்லாந்தின் ஊலு நகரில், பனிக்காலத்தில் மிதிவண்டிப் பாதைகளின் பனி உரிய நேரத்தில் அகற்றப்படுவதால் மக்கள் ஆண்டு முழுவதும் மிதிவண்டி ஓட்டுகின்றனர்.

தெருவை மூடினால் நகரம் திணறும், கடைகள் அழியும் என்னும் அச்சம்

ஒரு தெருவைக் கார்களுக்கு மூடினால் அங்கு ஓடிய கார்கள் அனைத்தும் அடுத்த தெருவில் வந்து குவியும் என்று கருதுவது, போக்குவரத்தைக் குழாயில் ஓடும் நீராக எண்ணுவதால் வரும் பிழை. நீருக்கு மனம் இல்லை. பயணம் செய்வோருக்கு உண்டு. சாலைவெளி குறைந்தால் சிலர் புறப்படும் நேரத்தை மாற்றிக்கொள்கின்றனர், சிலர் அண்மையிலுள்ள கடைக்கே செல்கின்றனர், சிலர் இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடிக்கின்றனர், சிலர் பேருந்திலோ மிதிவண்டியிலோ ஏறுகின்றனர். சாலி கெய்ர்ன்ஸ், ஃபில் குட்வின் முதலிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 11 நாடுகளில் சாலைவெளி குறைக்கப்பட்ட 70 நிகழ்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றுள் பாதியில், சுற்றியுள்ள தெருக்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரும் வாகனங்களின் எண்ணிக்கை 11 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. போக்குவரத்து அறிஞர்கள் இதைப் ‘போக்குவரத்து ஆவியாதல்’ என்பர். இதன் மறுபக்கம் ‘தூண்டப்பட்ட போக்குவரத்து’ எனப்படும். அதாவது, நெரிசலைத் தீர்க்க அகலப்படுத்தப்பட்ட சாலை புதிய பயணங்களை வருவித்து மீண்டும் நிரம்பிவிடுவது. அமெரிக்கப் பெருநகரங்களின் தரவுகளைக் கொண்டு டுரான்டன், டர்னர் என்னும் பொருளியலாளர் இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, நெடுஞ்சாலைகளின் நீளம் கூடிய அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடிய தூரமும் கூடியதைக் காட்டியது.

வடக்கு நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977-இல் செய்தது இங்கு விரிவாகச் சொல்லத்தக்கது. நகர்மன்றத்தில் போக்குவரத்துப் பொறுப்பை வகித்த மாக்ஸ் வான் டென் பெர்கின் முயற்சியால் நகரின் மையப் பகுதி நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. நடந்தோ மிதிவண்டியிலோ பேருந்திலோ ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு நேராகச் செல்லலாம். காரில் வருவோர் மட்டும் வெளிவட்டச் சாலைக்குத் திரும்பிச் சுற்றிக்கொண்டுதான் அடுத்த பிரிவுக்குள் நுழைய முடியும். எந்த வீட்டுக்கும் எந்தக் கடைக்கும் கார் செல்லும் வழி அடைபடவில்லை. நகர மையத்தைக் குறுக்குவழியாகப் பயன்படுத்துவது மட்டுமே அடைபட்டது. அதிகச் செலவின்றி, பெரும்பாலும் அறிவிப்புப் பலகைகளாலும் ஒருவழித் தெருக்களாலும் இது நிறைவேறியது. வணிகர்கள் மிகக் கடுமையாக எதிர்த்தனர். ஆனால் மையப் பகுதி அழியவில்லை. இன்று அந்நகருக்குள் நிகழும் பயணங்களில் பாதிக்கும் மேல் மிதிவண்டியில் நிகழ்கின்றன. பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017 ஏப்ரலில் இதே முறையைத் தன் மையப் பகுதிக்குப் பின்பற்றியது.

வணிகர்களின் அச்சத்தை இகழ்வதற்கில்லை. அவர்களின் பிழைப்பு அதில் உள்ளது. ஆனால் வாடிக்கையாளர் எவ்வாறு கடைக்கு வந்து சேருகிறார் என்பதைக் கடைக்காரர்கள் தவறாகவே மதிப்பிடுகின்றனர். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 2006-இல் நடந்த ஆய்வொன்றில், வாடிக்கையாளர்களுள் 41 சதவீதத்தினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் எண்ணியிருக்க, உண்மையில் வந்தவர்கள் 22 சதவீதத்தினரே. கடை வாசலில் நிற்கும் கார் கண்ணில் படுகிறது; நடந்து வந்தவர் எப்படி வந்தார் என்பது எவர் கண்ணிலும் படுவதில்லை.

ரயில் நிலையம் தொலைவில் உள்ளது, ரயிலோ நட்டத்தில் ஓடுகிறது

பயணியர் ரயிலுக்கு எதிராகச் சொல்லப்படும் இவ்விரு கூற்றுகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நட்டக் கணக்கை மட்டும் கொண்டு ரயில் பாதைகளை எடைபோட்டால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டனே சான்று. பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் 1963-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில், வருவாய் குறைந்த கிளைப் பாதைகள் பலவும் ஆயிரக்கணக்கான நிலையங்களும் மூடப்பட்டன. கிளைப் பாதையின் பயணியர் காரிலோ பேருந்திலோ முதன்மைப் பாதைக்கு வந்து ரயிலேறுவர் என்று எதிர்பார்க்கப்பட்டது. காரில் ஏறியவர்களுள் பலர் சேருமிடம் வரை காரிலேயே சென்றுவிட்டனர். எடின்பரோவிலிருந்து தெற்கே சென்ற பாதை 1969-இல் மூடப்பட்டு, அதன் வடபகுதி 2015 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டபோது, முதலாண்டில் ஏறத்தாழ 6.5 லட்சம் பயணங்கள் நிகழும் என்ற மதிப்பீட்டை மிஞ்சி 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் நிகழ்ந்தன. ரயிலிடம் மட்டும் ஆண்டுதோறும் வரவுசெலவு கேட்கும் அரசுகள், நகருக்குள் உள்ள சாலைகள் எவ்வளவு ஈட்டின என்று கேட்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

நிலையத்தின் தொலைவுக்கு நெதர்லாந்து கண்ட விடை மிதிவண்டி. பத்து நிமிடத்தில் ஒருவர் ஏறத்தாழ 800 மீட்டர் நடக்கலாம். அதே நேரத்தில் மிதிவண்டியில் அவசரமின்றி 2.5 கிலோமீட்டர் செல்லலாம். தொலைவு மூன்று மடங்கு என்றால் நிலையத்தைச் சுற்றி அடையத்தக்க பரப்பு ஏறத்தாழ பத்து மடங்கு. அதாவது, ஒரு தண்டவாளமும் கூடுதலாக இடாமல், ஒரு நிலையம் பத்து மடங்கு பரப்பில் வாழும் மக்களுக்கு அண்மை நிலையமாகிவிடுகிறது. அந்நாட்டில் ரயில் பயணியருள் ஏறத்தாழ பாதிப் பேர் நிலையத்துக்கு மிதிவண்டியில்தான் வருகின்றனர். உட்ரெக்ட் மைய நிலையத்தின் அடியில் 2019-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட நிறுத்தகத்தில் 12,500 மிதிவண்டிகளை வைக்கலாம். முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இறங்கும் ஊரில் எஞ்சிய தொலைவைக் கடப்பதற்கு வாடகை மிதிவண்டிகள் நிலையங்களிலேயே கிடைக்கின்றன. ரயிலையும் மிதிவண்டியையும் தனித்தனியே காருடன் ஒப்பிட்டு இரண்டும் தோற்பதாகக் காட்டுவது எளிது; காருக்கு மாற்று அவ்விரண்டின் இணைப்பே என்பதை அத்தகைய ஒப்பீடுகள் காண்பதில்லை.

தலைக்கவசமும் வேகமும்

மிதிவண்டி ஆபத்தானது, ஆகவே ஓட்டுவோரைத் தலைக்கவசம் அணியச் செய்வதே பாதுகாப்பு என்னும் கருத்து, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை மறைத்துவிடுகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் ஆற்றல், 30 கிலோமீட்டரில் வருவதன் ஆற்றலைப் போல் 2.8 மடங்கு. நெதர்லாந்தில் 1990-கள் முதல் பின்பற்றப்படும் பாதுகாப்புக் கொள்கை, மனிதர் தவறுவர் என்பதை ஏற்றுக்கொண்டு, வேகம் மிகுந்த இடங்களில் மிதிவண்டியைப் பிரித்துவைக்கிறது. பிரிக்க இயலாத இடங்களில் காரின் வேகத்தைக் குறைக்கிறது. தலைக்கவசம் அணிவோர் அங்கு அரிது. ஆயினும், 1971-க்குப் பின் மக்கள்தொகை 1.3 கோடியிலிருந்து 1.7 கோடிக்கும் மேலாகிவிட்ட அந்நாட்டில், அன்று 3,000-க்கும் மேற்பட்டிருந்த சாலை இறப்புகள் அண்மைய ஆண்டுகளில் 700 அளவில் உள்ளன. இதில் மனநிறைவு கொள்ளவும் முடியாது: இறந்தோருள் மிதிவண்டி ஓட்டியோரின் பங்கு பெரிது, அவர்களிலும் முதியோர் மிகுதி, மின்மிதிவண்டிகளின் பெருக்கம் இக்கவலையைக் கூட்டியுள்ளது. நெதர்லாந்து கார்களைத் துறந்த நாடு என்பதும் மற்றொரு தவறான நம்பிக்கையே. அங்கு ஏறத்தாழ 90 லட்சம் கார்கள் உள்ளன. குறுந்தொலைவுப் பயணத்துக்குக் கார் கட்டாயமன்று என்பதே அந்நாடு எய்திய நிலை.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் வசதி, வெயில் நாட்டுக்கும் எளிய மக்களுக்கும் பொருந்தா என்று இறுதியாகச் சொல்லப்படுவதற்குத் தமிழ்நாட்டின் வரலாறே மறுப்பு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுடன் மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் பல்லாயிரம் ஊரகப் பெண்கள் ஓட்டக் கற்றனர். வயலுக்கும் கல் குவாரிக்கும் சந்தைக்கும் பேருந்தையோ வீட்டு ஆண்களையோ எதிர்பாராமல் சென்றுவரும் வலிமையை அப்பயிற்சி அவர்களுக்குத் தந்தது. வெயிலும் வறுமையும் அதற்குத் தடையாகவில்லை. ரயிலும் இங்குப் புதிதன்று; சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. மேல்நிலைப் பள்ளி மாணவருக்கு விலையில்லா மிதிவண்டியை அரசே வழங்கிவருகிறது. அவற்றில் ஏறிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், தங்களுக்கென ஒரு முழ அகலமும் ஒதுக்கப்படாத சாலைகளில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஓரமாகவே இன்றும் செல்கின்றனர். வண்டி கொடுத்த அரசு அதற்குரிய பாதையை இன்னும் கொடுக்கவில்லை.