மனுவில் ஏறும் சொல்

நிலவழக்கும் கடன்பத்திர வழக்கும் மிகுந்த ஓர் அலுவலகத்தில் ஜூனியராகப் பயின்று, பின்னர் சென்னைக் குடும்ப நீதிமன்றத்தையே தொழிற்களமாகக் கொண்ட எனக்கு முதலில் விளங்கிய பேதம் ஒன்று உண்டு. நிலவழக்கில் தோற்றவரும் வென்றவரும் தீர்ப்புக்குப் பின் ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாமலே காலத்தைக் கழித்துவிடலாம். குழந்தை பெற்ற தம்பதிகளோ, விவாகம் ரத்தான பின்னரும், பள்ளிக் கட்டணம், காதுகுத்து, கல்யாணம் என்று ஆயுள் முழுதும் சந்தித்தே தீரவேண்டியவர்கள். ஆதலால் இங்கே வழக்கறிஞன் எழுதும் மனு வழக்கோடு மடிந்து போவதில்லை.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் இவ்வுண்மையை உணர்ந்தே இயற்றப்பட்டதென்று நான் கருதுகிறேன். அதன் 13-ஆவது பிரிவின்படி, வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வதைக் கட்சிக்காரர் எவரும் உரிமையாகக் கோர இயலாது. 9-ஆவது பிரிவோ, சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே விதிக்கிறது. நம்மைத் தள்ளி நிறுத்தும் சட்டம் என்று சக வழக்கறிஞர் சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அவ்வருத்தம் இல்லை. அனுமதி பெற்று ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்துக்குள் நுழைகிறவன் அவ்வனுமதிக்குத் தக்கவனாக நடந்துகொள்வதே முறை.

முதன்முறை வருகிற கட்சிக்காரர் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. உடன் வந்த தமையனோ தாய்மாமனோ முந்திக்கொண்டு, "சார், அவனைச் சும்மா விடக்கூடாது, கடுமையாக எழுதுங்கள்" என்பார். அவரை வெளி அறையில் அமரச் சொல்லிவிட்டு, வழக்குக்கு உரியவரிடம் தனித்துப் பேசுவதே நான் கைக்கொண்ட வழக்கம். அன்று நான் குறிப்பெடுப்பதில்லை. முழுதும் கேட்டுவிட்டு, நடந்தவற்றை நாள்வாரியாகத் தம் கைப்பட எழுதிவரும்படி வேண்டிக்கொள்வேன். அவ்வாறு எழுதி வரும்போது, முதல்நாள் ஆவேசத்தில் சொல்லப்பட்டவற்றுள் சில தாமாகவே உதிர்ந்திருக்கும். அன்று வாயில் வராத ஏதோ ஒன்று, சம்பளம் வரும் ஏடிஎம் அட்டையை மாமியார் வாங்கி வைத்துக்கொண்டதோ, நோயுற்ற தாயைப் பார்க்க விடாததோ, ஒற்றை வரியாக ஓர் ஓரத்தில் நிற்கும். வழக்கின் ஜீவன் அநேகமாக அந்த வரியில்தான் இருக்கிறது.

அந்தக் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சாட்சி யார், ஆவணம் எது என்று கேட்டு, விடை கிடையாதவற்றை அடித்துவிடுவேன். குறிப்பாக நடத்தையைப் பற்றிய பழிச்சொல். மனைவி தொடுத்த விவாகரத்து வழக்கொன்றில், எதிர்வாதவுரையில் அவளது கற்பைத் தூற்றி எழுதிய கணவன் பின்னர் அவ்வாசகங்களை நீக்கிக்கொண்ட போதிலும், எழுதிய குற்றம் அதனால் அழியாது, அதுவே மனத்துக்கு இழைத்த கொடுமை என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. இத்தொழிலுக்கு வரும் இளைஞர்கள் அத்தீர்ப்பை ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும். நீதிபதி படித்து முடித்த மனுவைப் பத்தாண்டுகள் கழித்து அக்குழந்தையும் எடுத்துப் படிக்கக்கூடும் என்ற நினைவு, பேனாவைப் பிடிக்கும்போதே நமக்கு இருத்தல் வேண்டும்.

ஜீவனாம்சத்தைப் பொறுத்தமட்டில் காலம் வெகுவாக மாறியிருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் மாதம் ஐந்நூறு ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு 2001-இல் நீக்கப்பட்டது; அப்பிரிவின் இடத்தில் இப்பொழுது புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவு நிற்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், இருதரப்பாரும் தத்தம் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனுச் செய்த தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் வகுத்தது. ஆகவே வாய்தா வாங்கிக் காலத்தைக் கடத்துவதால் கணவனுக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை, நிலுவைதான் ஏறும். சம்பளத்தை மறைக்க எண்ணி வருவோரிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். வங்கிக் கணக்கு அறிக்கையும் வருமான வரிக் கணக்கும் கொண்டுவராதவருக்குப் பத்திரம் தயாரிக்க நான் இசைவதில்லை.

ஸ்திரீதனம் மனைவியின் தனிச்சொத்து என்பது 1985-இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விஷயம். கல்யாணப் புகைப்படங்களும் நகைக்கடை ரசீதுகளும் வாதத்தைவிட வலிமை உடையவை, அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

பரஸ்பர சம்மதத்தால் பிரிய விரும்புவோர், இந்து விவாகச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் காத்திருக்க வேண்டிய ஆறுமாத காலத்தைத் தக்க காரணமிருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்பது 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. எனினும், தீபாவளிக்குக் குழந்தை எவர் வீட்டில், கோடை விடுமுறையில் எத்தனை நாள், பாஸ்போர்ட் எவர் கையில், பள்ளியின் பதிவேட்டில் எவர் தொலைபேசி எண் என்பவையெல்லாம் உடன்படிக்கையில் எழுத்தாகும்வரை, அவ்வாறு மாதங்களைச் சுருக்கிக்கொள்ள நான் ஆலோசனை சொல்வதில்லை. அவசரத்தில் கையெழுத்திட்டவர்களே மறுபடியும் அதே வராந்தாவில் வந்து நிற்கக் காண்கிறேன்.

கட்டணத்துக்கு வழியில்லை என்றெண்ணி வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவியை உரிமையாக அளித்திருக்கிறது. உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தை அணுகி, தயங்காமல் கேளுங்கள்.