நாய்க்கு வாய்க்கூடு இடும் முறை

விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றும் நாளிலே, கடிக்கும் இயல்புள்ள நாயின் வாயைக் கயிற்றால் இறுகக் கட்டி வெயிலில் நிறுத்துவோர் உளர். இது பெருந்தவறு. நாய் தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் நாவை நீட்டி இளைத்தே தணித்துக் கொள்ளும்; வாய் மூடுண்டால் சூடேறி இறக்கவுங் கூடும். ஆகவே, வாய் திறந்து இளைக்கவும் நீர் அருந்தவும் இடமுள்ள கூடை வடிவான வாய்க்கூட்டையே தெரிதல் வேண்டும்.

ஊசி நாளுக்குச் சில வாரம் முன்பே பழக்கத் தொடங்குக. முதலிற் கூட்டினுள் முள் நீக்கிய மீன்துண்டை வைத்து, நாய் தானாகவே மூக்கை நுழைக்க விடுக. சில நாட் சென்றபின் வாரைப் பூட்டி உடனே அவிழ்க்க; நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. முன்காலாற் பிறாண்டினால் முந்திய படிக்கு மீளுதல் நன்று. குரைத்தலை அடக்கவோ தண்டிக்கவோ இதனை இடலாகாது. அவ்வாறு இடப்பட்ட நாய் மறுமுறை கூட்டைக் கண்டதும் ஓடிவிடும். கூடணிந்த நாயைத் தனியே விட்டுச் செல்லற்க.