ஸ்கேலிங் செய்தால் பல் ஆடாது, தங்கச்சி!

லிங்கியிலிருந்து பகாவ் வரைக்கும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரே பேச்சு: "பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும்." யார் கிளப்பிவிட்டார்களோ! இதை நம்பித்தான் பாதிப் பேர் கன்னம் வீங்கிய பிறகு கிளினிக் வாசலில் போய் நிற்கிறீர்கள். பிரட்டு, மரம் வெட்டு, பிள்ளைகளின் பள்ளி வேன் என்று உனக்கு நேரமில்லை, தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் அந்தப் பயத்தை விடு. பல்லில் ஒட்டும் அழுக்கை அன்றன்றே எடுக்காவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாக இறுகிவிடும். அப்புறம் பிரஷ்ஷால் அதை அசைக்க முடியாது. அங்கே குடியிருக்கும் கிருமியால் ஈறு வீங்கும், ரத்தம் கசியும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். பல் அப்போதே ஆடத் தொடங்கிவிட்டது. கல் இறுகிக் கிடப்பதால் உனக்குத் தெரியவில்லை. ஸ்கேலிங்கில் கல்லை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, பழி டாக்டர் தலையில்! சில நாள் பல் கூசும், சந்து தெரியும். அவ்வளவுதான்.

2. அரசாங்கப் பல் கிளினிக்கில் பதிவுக்கு 1 வெள்ளி. சிகிச்சைக்குத் தனியாகக் கட்டுவதும் கொஞ்சம்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஆனால் நாள் கேட்டு வாங்கிக்கொண்டு போ. திடீரென்று போய் நின்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். இனிப்பு நீர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கர்ப்பம், எதுவானாலும் நாற்காலியில் உட்காருமுன் சொல். மருந்துப் பெயர் வாயில் நுழையாதா? பாக்கெட்டையே எடுத்துப் போ.

நீலாய் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் வரி கட்டுகிறானா? அவன் தனியார் பல் டாக்டரிடம் போனால் ரசீதைத் தூக்கிப் போடாதே. 2024 முதல் பல் சிகிச்சைக்கு 1,000 வெள்ளி வரை வரி விலக்கு கேட்கலாம்.

3. காலையில் பரபரவென்று துலக்குவதைவிட இரவில் துலக்குவதுதான் முக்கியம். பேஸ்ட் டியூபில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்., அதற்கு மேல் என்று இருக்கிறதா பார். நுரையைத் துப்பு; தண்ணீர் விட்டு அலசாதே, மருந்தெல்லாம் போய்விடும். கரித்தூள், சாம்பல், உப்பு வேண்டாம். வெள்ளையாவது போல் இருக்கும், பல்லின் மேல்தோல்தான் தேய்கிறது.

4. கைக்குழந்தை அழுகிறதென்று டின் பாலையோ மைலோவையோ புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடி தூங்க வைக்கிறாயே, அதை இன்றைக்கே நிறுத்து. முன்பல் நான்கும் கறுத்துப்போவது இதனால்தான்.

5. வீட்டுக்கே வந்து மலிவாகப் பிரேஸ் மாட்டுகிறேன் என்பவர்களை வாசலோடு அனுப்பு. 2018 பல் மருத்துவச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பல் வைத்தியம் பார்த்தால் 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை.

6. இப்போது அம்மா, அப்பா விஷயம். வெற்றிலையை விடச் சொன்னால் "புகையிலை போடுவதில்லையே" என்பார்கள். பாக்கே போதும். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-இலேயே முடிவு செய்துவிட்டது. நம் நாட்டில் வாய்ப்புற்று இந்தியர்களிடம்தான் அதிகம். அதனால்தான் அரசாங்கப் பல் மருத்துவக் குழு தோட்டங்களைத் தேடி வந்து வாயைப் பார்க்கிறது. வரும்போது கதவைச் சாத்தாதே.

நீயும் பார்க்கலாம். வெளிச்சத்தில் உட்கார வைத்து, வெற்றிலையை அடக்கும் பக்கத்துக் கன்னத்தை விரலால் விலக்கு. நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, செந்திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், முன்போல் வாய் திறக்க முடியாமை, இதில் ஒன்று இருந்தாலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதே, கூட்டிப் போ.

கூப்பிட்டால் வரமாட்டார்கள். உன் ஸ்கேலிங் நாளன்று "எனக்குப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாங்க" என்று சொல். கிளினிக்கில் நுழைந்ததும் அவர்கள் பெயரையும் சேர்த்துப் பதிந்துவிடு.