சின்னக் காரின் சுமை குறைய

ஆல்டோ மாதிரிச் சின்னக் காரில் முதலில் இறக்க வேண்டியது டிக்கிச் சரக்கைத்தான். காதர்பேட்டை பனியன் சந்தைக்கும் டையிங் பட்டறைக்கும் அலைகிற வண்டியில் பழைய சாம்பிள் மூட்டையும் நூல் கோனும் சேர்ந்துகொண்டே போகும். 45 கிலோ கூடினால் மைலேஜ் சுமார் 1 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. சிறிய வண்டிக்குப் பாதிப்பு அதிகம்.

சப்வூஃபர் பெட்டி, கூடுதல் மேட் தாராளமாகப் போகலாம். பின் சீட்டைக் கழற்றினால் ஆர்.சி.யிலுள்ள இருக்கைக் கணக்கு மாறும், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றவே கூடாது. பின்னாலிருந்து லாரி இடித்தால் கழுத்தைக் காப்பது அதுதான். சீட் பெல்ட், ஸ்டெப்னி, ஜாக்கியும் அப்படியே இருக்கட்டும்.

காலி செய்த கையோடு மேட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரப் பஞ்சு ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துக் காயவிடுங்கள். தகடு துருப்பிடிப்பது அங்கேதான்.