சதையா, ரத்தமா, சிறுநீரா?

காரைக்காலின் எல்லையில் உள்ள பூவத்தில் நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. இங்கே புற்றுநோய்ச் சந்தேகம் வந்தவர் காரைக்கால் அரசு மருத்துவமனையில் தொடங்கி, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போக வேண்டியிருக்கும். இந்த அலைச்சலில்தான் அந்தக் கேள்வி வருகிறது: "சதை எடுக்காமலே கண்டுபிடிக்கலாமாமே, எக்ஸோசோம் டெஸ்ட்டாமே?"

நம் செல்கள் நுண்ணிய பைகளை வெளியே விட்டபடியே இருக்கின்றன. எக்ஸோசோம் அவற்றில் ஒரு வகை. குறுக்களவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். புற்றுச் செல் விடும் பைக்குள் அதன் ஆர்.என்.ஏ.வும் புரதமும் சிதையாமல் இருக்கும். ரத்தத்திலும் சிறுநீரிலும் அதைத் தேடுகிறார்கள்.

அமெரிக்காவில் புழங்கும் எக்ஸோடிஎக்ஸ் என்ற எக்ஸோசோம் பரிசோதனை புராஸ்டேட் புற்றுக்கு மட்டும். ஐம்பது வயதோ அதற்கு மேலோ ஆன ஆண், ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு 2 முதல் 10க்குள், சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியைச் செய்வதா வேண்டாமா என்ற தடுமாற்றம்: அங்கேதான் அது உதவும். சிறுநீர் கொடுத்தால் போதும். மதிப்பெண் 15.6க்குள் இருந்தால் வீரியமான புற்றுக்கு வாய்ப்பு குறைவு, பயாப்சியைத் தள்ளிவைப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம். தாண்டினால் பயாப்சி தேவைப்படலாம்.

ரத்தத்தில் மிதக்கும் புற்றின் டி.என்.ஏ.வைப் பார்ப்பது வேறு பரிசோதனை. நுரையீரல் புற்று உறுதியானவருக்கு எந்த மாத்திரை கேட்கும் என்று அறிய அது நல்ல வழி. ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தால் நம்பி விட்டுவிட முடியாது. சதையைப் பார்க்க வேண்டும்.

மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண் என்றால் மருத்துவர் சொல்லும் பயாப்சியைத் தட்டாதீர்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயந்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அப்படிப் பரவுவது மிக அரிது. எடுத்த சதை மெழுகில் பதிந்து, தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில், ஓரத்தில் எண்ணோடு இருக்கும். அதன் பெயர் பிளாக். ஊர் மாறிச் சிகிச்சைக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் கருத்துக்கும் மரபணுச் சோதனைக்கும் அதுவே போதுமானதாக இருக்கலாம். மறுபடி ஊசி வேண்டியிராது.

எக்ஸோசோம் ஊசியால் புற்றைக் குணமாக்குவதாகச் சொன்னால்? கணையப் புற்றுக்கு எக்ஸோசோம் வழியே மருந்து அனுப்பும் முயற்சி அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் ஆரம்பகட்ட ஆய்வாக நடந்தது. ஒப்புதல் பெறாத எக்ஸோசோம் ஊசிகளைப் பற்றி 2019 டிசம்பரிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்துவிட்டது. அப்படிப்பட்ட ஊசிக்காக நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் பணம் ஜிப்மருக்குப் போய்வரும் செலவுக்கு இருக்கட்டும்.