விவாத உரை எழுதுதல்: மின்சாரக் காரா, கலப்புக் காரா, பெற்றோல் காரா?



"இலங்கைக்கு ஏற்றது மின்சாரக் காரே" என்ற தலைப்பில் விவாத உரை எழுதச் சொன்னால் உங்களில் பலர் "புகை இல்லை, சூழல் மாசடையாது" என்ற ஒரே கருத்தைப் பத்து வரிக்கு நீட்டிவிடுகின்றீர்கள். எதிரணியின் மிக வலுவான கேள்விக்கு நீங்கள் என்ன பதில் தருகின்றீர்கள் என்பதில்தான் உரையின் பலம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியதால், இத்தலைப்பு இப்போது வீட்டுக்கு வீடு பேசப்படுகிறது.

முதலில் பொருளை விளங்கிக்கொள்ளுங்கள். பெற்றோல் எஞ்சினில் எரியும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை, மின்கலமும் மோட்டாரும்தான். 'ஹைபிரிட்' எனப்படும் கலப்புக் காரில் இரண்டும் உண்டு. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இதற்கு உதாரணம். ஹல்துமுல்லையிலிருந்து பெலிஹுல்ஓயாவுக்கு இறங்கும் வீதியை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் காரின் பிறேக் சூடாகிச் சக்தி வீணாகும். மற்ற இரண்டும் அச்சக்தியில் ஒரு பங்கை மின்கலத்தில் சேர்த்துக்கொள்ளும். விஞ்ஞானப் பாடத்தில் படித்ததை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இனி 2022ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது, வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றரும் ஓட்டோவுக்கு 5 லீற்றரும் என்றே தொடங்கியது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோவையே நம்பியிருக்கும் தோட்டங்களில் 5 லீற்றர் எத்தனை நாளைக்குக் காணும்? மின்சார அணிக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. எரிபொருள் கப்பலில் வரவேண்டும். மின்சாரத்தையோ நம் இரத்தினபுரி மாவட்டத்திலேயே, பலாங்கொடைக்கு அருகே, 120 மெகாவாற் சமனலவெவ நிலையம் வளவை கங்கை நீரில் உற்பத்தி செய்கிறது.

ஆனால் எதிரணி சும்மா இருக்காது. "அதே 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அன்று உங்கள் காரை எதில் மின்னேற்றுவீர்கள்?" என்று கேட்கும். மழை குறைந்தால் நீர்மின் குறையும். நுரைச்சோலையில் எரிவதும் இறக்குமதி நிலக்கரியே. பலர் இக்கேள்வியைக் காணாததுபோல் கடந்துவிடுகிறார்கள். அது பிழை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"நடுவர் அவர்களே, எதிரணி சொன்ன மின்வெட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் மின்சாரத்தை நீரிலிருந்தும் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் நாமே பெறலாம். பெற்றோலுக்கு அப்படி ஒரு வழி நம் நாட்டில் உண்டா?"

என் வகுப்பில் இவ்விவாதம் நடந்தபோது கலப்பு அணியிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "எங்கட லயத்தில வயரை எங்க செருகிறது சேர்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது அன்றைய மிகச் சிறந்த வாதமாகப்பட்டது. சாதாரண கலப்புக் காரை மின்செருகியில் பொருத்தத் தேவையில்லை. வாசலில் தனி மின்னிணைப்பு இல்லாதவருக்கு அது பெரிய வசதி. பழைய கலப்புக் காரின் மின்கலம் பழுதானால் மாற்றப் பெருஞ்செலவாகும் என்பதை மற்ற அணியினர் அவளுக்குப் பதிலாகச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

பயிற்சி: அம்மாணவியின் கேள்விக்கு மின்சார அணியின் சார்பில் எட்டு வரிகளில் பதில் எழுதுக. இரவு 10.30க்குப் பின் மின்சாரத் தேவை குறைவு என்பதையும் கவனத்திற்கொள்க.