குடும்ப வன்முறை: ஆய்விலிருந்து நடைமுறைக்கு

குடும்பமே பொருளாதாரத்தின் அடிப்படை அலகு என்று பாடநூல்கள் கூறுகின்றன. இவ்வலகின் வருவாய், செலவு, சேமிப்பு அனைத்தையும் அளவிடும் நாம், அதனுள் நிகழும் வன்முறையை நெடுங்காலம் அளவிடவில்லை. 1998-99 இல் நடைபெற்ற இரண்டாவது தேசியக் குடும்பநல ஆய்வில்தான் இது பற்றிய வினாக்கள் முதன்முதலாக இடம்பெற்றன. அளவிடப்படாத துன்பத்திற்குத் திட்டமும் இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை என்பது நிருவாகத்தின் இயல்பு. எனவே, கணக்கெடுப்பே சீர்திருத்தத்தின் முதற்படியாயிற்று.

ஆய்வுகள் உணர்த்துவன

2019-21 இல் நடைபெற்ற ஐந்தாவது ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவரின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியுள்ளனர். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்களோ 14 விழுக்காட்டினர் மட்டுமே. புகார்களின் எண்ணிக்கையைக் கொண்டு தேவையை மதிப்பிடுவது எத்துணைப் பிழையானது என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

காரணங்களை ஆராய்ந்தவர்களில் பிரதீப் பண்டா, பீனா அகர்வால் ஆகியோரின் பணி குறிப்பிடத்தக்கது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 502 பெண்களிடம் தகவல் திரட்டி, 2005 இல் அவர்கள் முடிவுகளை வெளியிட்டனர். நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் உடல் வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். நிலம் மட்டும் உடையோரில் இது 18, வீடு மட்டும் உடையோரில் 10, இரண்டும் உடையோரில் 7 விழுக்காடு. வெளியேறிச் சென்று தங்க ஓர் இடம் உண்டு என்ற நிலை, வன்முறையைத் தடுக்கும் அரணாகிறது. வேலைவாய்ப்பு மட்டும் எல்லாச் சூழலிலும் இத்தகைய பாதுகாப்பை அளிப்பதில்லை. கணவனைவிட மனைவி மேலான வேலையில் இருப்பின் வன்முறை கூடவும் செய்கிறது. ஒரு மாவட்டத்தில் கண்டதை நாடு முழுமைக்கும் அப்படியே பொருத்திவிட இயலாது எனினும், கொள்கை வகுப்போர் புறக்கணிக்க முடியாத சான்று இது.

சட்டத்தின் துணை

கணவரும் அவர் உறவினரும் இழைக்கும் கொடுமை 1983 இல் தனிக் குற்றமாக்கப்பட்டது. ஆயினும் தண்டனை ஒன்றே பெண்ணுக்கு உறைவிடம் தந்துவிடாது. இக்குறையைப் போக்கவே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 17-ஆம் பிரிவு, வீட்டில் உரிமைப் பங்கு இல்லாவிடினும் பெண் அங்கு வசிக்கும் உரிமையை அளிக்கிறது. வாடகை வீடும் இதில் அடங்கும்.

மாமனார் அல்லது மாமியாரின் பெயரிலுள்ள வீட்டில் இவ்வுரிமை இல்லை என 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 அக்டோபரில், சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில், அதே நீதிமன்றம் அக்கருத்தை மாற்றியது. எனினும், வசிக்கும் உரிமை வேறு, உடைமை வேறு. தமிழ்நாடு 1989 இலும் மைய அரசு 2005 இலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கை வழங்கின. பத்திரத்தில் பெயர் ஏறும்போதே இப்பங்கு பயன் தரும்.

மருத்துவமனை ஒரு வாயில்

காவல் நிலையத்திற்குச் செல்லத் தயங்கும் பெண்ணும் காயத்திற்கு மருந்திட மருத்துவமனைக்கு வருகிறாள். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, மும்பை மாநகராட்சியும் செஹாத் என்ற ஆய்வு நிறுவனமும் இணைந்து, பாந்த்ராவிலுள்ள பாபா மருத்துவமனையில் ‘திலாசா’ என்னும் ஆலோசனை மையத்தைத் தொடங்கின. காயத்தின் பின்னணியைக் கனிவுடன் கேட்டறிய மருத்துவரும் செவிலியரும் பயிற்சி பெற்றனர். ஆய்வு, அன்றாடப் பணியாக மாறியதற்கு இது நல்ல சான்று. 2015 முதல் மைய அரசு ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்களை அமைத்து வருகிறது.

தீவுகளும் தோட்டங்களும்

அந்தமான் நிக்கோபார் போன்ற தீவுப் பகுதிகளில் தொலைவே ஒரு தடை. முறையிட விரும்பும் பெண் கப்பல் புறப்படும் நாளுக்காகக் காத்திருக்க நேரலாம். முதல் விசாரணையைப் பொதுவாக மூன்று நாட்களுக்குள் வைக்க வேண்டும் என்னும் சட்டவிதி இங்குக் கடும் சோதனைக்குள்ளாகிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட கச்சால் போன்ற தோட்டப் பகுதிகளில் மற்றொரு சிக்கலும் எழக்கூடும். குடியிருப்பு வேலையோடு இணைந்ததாயின், கணவனும் மனைவியும் அதற்கு உடைமையாளர் அல்லர். கணவன் பெயரில் ஒதுக்கப்பட்ட அறையிலிருந்து வெளியேறும் பெண் உறைவிடத்தையே இழக்கிறாள்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, வீட்டுமனைப் பட்டா, அரசு வீடு, தோட்டக் குடியிருப்பு ஆகியவற்றின் ஒதுக்கீட்டு ஆணையில் மனைவியின் பெயர் தவறாமல் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, பிற பணிகளோடு கூடுதல் பொறுப்பாக அன்றி, முழுநேரப் பாதுகாப்பு அலுவலர்களை நியமித்தல் வேண்டும். மூன்றாவதாக, தொலைதூர ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே குடும்ப நிகழ்வறிக்கையைப் பதிவு செய்ய வழி வகுத்தல் வேண்டும். சேவை வழங்குநர்களும் அவ்வறிக்கையைப் பதிவு செய்யச் சட்டம் இடமளிக்கிறது. நான்காவதாக, எத்தனை வழக்குகள் பதிவாயின என்பதோடு நில்லாமல், எத்தனை பெண்கள் பாதுகாப்பான உறைவிடம் பெற்றனர் என்பதையும் ஆண்டறிக்கைகள் கூற வேண்டும்.

இவற்றுள் முதலாவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பெரும் செலவும் இல்லை. ஒதுக்கீட்டு ஆணையில் ஒரு பெயரைச் சேர்த்தல் எழுத்தருக்குச் சிறு பணி. அப்பெயருக்குரியவளுக்கோ அது தலைக்கு மேல் ஒரு கூரை.